இரண்டாவது தட்டு

நான் குடிப்பவள் இல்லை. அன்று மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. நடந்தது இரவுகூட இல்லை, பட்டப்பகல். அதனால் அரைத்தூக்கத்தில் கண்ட கனவு என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

எங்கள் தெற்குச் சிலியில் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர். என் கணவன் அனிபால் பனிச்சறுக்குப் பயிற்சியாளன். சில்லான் மலையில் ஒரு பந்தயம் முடிந்திருந்தது. மறுநாள் காலை லோங்கிமாயில் அடுத்தது. மாணவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். புயல் வருகிறது, ஒருநாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று விடுதியில் சொன்னார்கள். அனிபால் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மணி 2.10. ஏற்றம் தொடங்கும் இடம். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டாமல் அதற்கு மேல் போக முடியாது. மாட்டிவிடச் சங்கிலிக்காரர்கள் அங்கே நிற்பார்கள். வண்டிக்கடியில் படுத்து மாட்டுவார்கள். முடிந்ததும் வண்டியில் இரண்டு தட்டு. முதல் தட்டு, மாட்டியாயிற்று. இரண்டாவது தட்டு, நான் வெளியே வந்துவிட்டேன், நீ போகலாம். இரண்டாவது தட்டு விழாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்கள்.

அன்று ஒருவன்தான் நின்றான். கையுறை இல்லை. வெறுங்கையில் விழுந்த பனி உருகவே இல்லை...

வழக்கமாக அனிபால் இவர்களைச் சீண்டாமல் இருக்கமாட்டான். "மாப்ள, அடியிலயே தூங்கிடாத, வீட்ல தேடப்போறாங்க" என்பான். அன்று கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டொக்.

வண்டி நகர்ந்தது. எதன் மேலோ ஏறி இறங்கியது. மெத்தென்று.

"ரெண்டாவது தட்டு விழலையே."

"விழுந்துச்சு."

"அனிபால், நிறுத்து."

"பனிக்கட்டிதான். சும்மா இரு."

திரும்பிப் பார்த்தேன். சாலையில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. நிற்கவும் இல்லை.

2.31. டொக். என் காலுக்கு அடியில்.

சங்கிலி தளர்ந்திருக்கும் என்றான். தளர்ந்த சங்கிலி சக்கரத்தோடு சுற்றிச் சுற்றி விடாமல் அடிக்கும். இது ஒரு முறை தட்டியது. பிறகு காத்திருந்தது.

2.38. டொக்.

2.45. டொக்.

வெளியே வானமும் சாலையும் ஒரே வெள்ளை. அனிபாலின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தட்டு. அன்னைக்கும் கேட்டுச்சு."

"என்னைக்கு?"

அவன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான். எனக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. போன வருடம் ஜூலையில் இதே வழியில் தனியாகப் போய் வந்தான். வந்ததும் கொதிநீர் ஊற்றி வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவினான். இரண்டு முறை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி தொண்டை வரை வந்தது. சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு ஒரு வருடம், அந்தக் கேள்வியின் மேல்தான் நாங்கள் இருவரும் படுத்துத் தூங்கினோம்.

3.06. ஒரு வளைவில் வண்டி வழுக்கி நின்றது. முன்சக்கரத்துச் சங்கிலி கழன்றிருந்தது. அனிபால் இறங்கினான்.

"நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் தட்டினதும் கொஞ்சம் முன்னால எடு."

"எத்தனை தட்டு?"

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"ரெண்டு."

குனிந்தான். கண்ணாடியைப் பனி மூடியது.

3.15.

டொக்.

காத்திருந்தேன்.

டொக்.

காலை எடுத்தேன்.

மெத்தென்று...

அப்புறம்தான் உறைத்தது. தட்டு விழுந்தது என் தலைக்கு மேலே, கூரையில்.

அனிபால் அடியில் இருந்தான்.

3.18க்கு மீட்பு வண்டி வந்து நின்றது. கைபேசிக்குத் தொடர்பே கிடைக்காத மலை அது. நான் யாரையும் அழைக்கவில்லை. அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

நான்கு நாள் கழித்துக் காவல் சாவடிக்குப் போனேன். புயல் எச்சரிக்கையால் அன்று ஒரு சங்கிலிக்காரன்கூட மலைப்பக்கம் வரவில்லை என்றார் காவலர். போன ஜூலையில் ஏற்றத்தின் அடியில் டெல்ஃபின் என்ற சங்கிலிக்காரன் மேல் ஒரு வண்டி ஏறிவிட்டு, நிற்காமல் போனதாம். மூன்று மணி நேரம் பனியில் உயிரோடு கிடந்தானாம். யாருடைய வண்டி என்று இன்றுவரை தெரியாது என்றார்.

நான் சொன்னேன். ஒரு வருடம் தாமதமாக.

எழுதிக்கொண்டார். பிறகு, எங்கள் விபத்தைப் பற்றி வந்த அழைப்பைக் குறித்து வைத்திருந்த ஏட்டை என் பக்கம் திருப்பினார். ஓர் ஆணின் குரல். பெயர் சொல்லவில்லை. எங்கள் வண்டி எண்ணையும் வளைவையும் சரியாகச் சொல்லியிருந்தது. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

'வண்டிக்கடியில ஒருத்தன் கிடக்கான். வந்து எடுத்துட்டுப் போங்க. ஓட்டினது அவன் பொண்டாட்டி. அவங்க மேல தப்பில்ல.'

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

"நேரத்தைப் பாருங்கம்மா" என்றார் காவலர், மெல்ல.

மதியம் 1.50.

அப்போது அனிபால் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் எம்பனாடாவைத் தின்றபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.