கோழிக்குள் இருந்த கம்பி

பொன்முடி மலையிலிருந்து இறங்கும் வழியில், கல்லாற்றில் கோழி சுட்டு விற்கிற ஒரு கடையில் நானும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது வாயிலேயே தொண்டையில் சுருக்கென்றது. எலும்பு என்று நினைத்து, குபூஸ் ரொட்டியை உருட்டி விழுங்கி உள்ளே தள்ளினேன்.

மறுநாள் வயிற்றில் குத்தல் ஆரம்பித்தது. சாலை என்ற கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், சேலையை விரித்துக் காட்டக்கூடக் குனிய முடியவில்லை. வாயு என்று மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். காய்ச்சல் ஏறியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் தெரிந்தது, குடலைத் துளைத்துக்கொண்டு நின்ற ஒரு மெல்லிய கம்பி. அடுப்புக் கம்பிவலையைத் தேய்க்கிற பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்திருக்கும் என்றார்கள். வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள். கம்பியைச் சின்னக் குப்பியில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நடக்கத் தெம்பு வந்ததும் அந்தக் கடை முதலாளியிடம் போய்க் குப்பியைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேன். அவன் சிரித்தான்.

"எவிடப் போய் எந்தக் கம்பியத் தின்னியோ, பாண்டி! இங்க எத்தன பேரு திங்கிறாங்க, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலயே?"

மலையாளிகள் தமிழனை இளக்காரமாகக் கூப்பிடும் பெயர், பாண்டி. அவனுக்குப் பின்னால் கம்பி பிரஷ் பாதி மொட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்தேன். அது நகர்கிற வேகத்துக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. லீவு நாளான ஞாயிறுதோறும் மதியம் அங்கே போனேன். கடைக்கு எதிரே ரோட்டோரம் நிற்பேன். கார் வந்து நின்றால், சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, குப்பியை நீட்டி, எங்கிருந்து வந்தது என்று மலையாளத்தில் சொல்வேன். பெரும்பாலும் இறங்காமலே போய்விடுவார்கள். ஒவ்வொரு கார் நகரும்போதும் அவன் முகத்தைப் பார்ப்பேன். அதற்காகத்தான் போனேன்.

"போதும், விட்ருங்க. தையல் போட்ட வயித்தோட வெயில்ல நிக்கணுமா?" என்றாள் மனைவி.

"அவன் சிரிச்சத நீ பாக்கல."

மழைக்காலத்துக்கு முன்பு அவனே ரோட்டைத் தாண்டி வந்தான்.

"சேட்டா, பிரஷ்ஷத் தூரக் களஞ்சாச்சு, குப்பையில போட்டாச்சு. அன்னைக்குத் தெரியாம பறஞ்சு போச்சு. க்ஷமிக்கணும்."

பாண்டி போய்ச் சேட்டா வந்திருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். அடுத்த ஞாயிறும் போய் நின்றேன்.

கடைசியில் கோழி அடுப்பையே எடுத்துவிட்டான். இப்போது அங்கே டீயும் ஆம்லெட்டும்தான். சமீபத்தில் நாங்கள் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். எனக்கு இரக்கம் வரும் என்று மனைவி எதிர்பார்த்தாள் போல. என் முகத்தையே பார்த்தாள். வரவில்லை. ஜன்னலோரம் நகர்ந்து, அவன் கண்ணில் படும்படி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.