வலப்பக்கச் சக்கரத்துக்கு இட்ட பொட்டு

பிரேக் தொழிலில் பாராட்டுக்கு இடமில்லை: வண்டி நின்றால் அது வண்டியின் பெருமை, நிற்காவிட்டால் அது நம் குற்றம். நான் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றபின், திருக்கழுக்குன்றம் சாலையில் பிரேக் பட்டறை நடத்தும் என் தம்பி தயாளன், "சும்மா மேஜைல உக்காருக்கா" என்றான், உட்கார்ந்தேன். சொந்தக்காரர் கடையில் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் இதற்குள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். இனி எழுதப்போவதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை.

வெள்ளிச் சக்கரம்

மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி நடத்தும் ராகவன், இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். அதன் வெள்ளி நிறச் சக்கரங்களில் கரும்பொடி படிந்திருந்தது. காலையில் கழுவினால் மாலைக்குள் கருத்துவிடுகிறதாம். பொடியே வராத செராமிக் பேடு வேண்டுமாம். சுழலும் டிஸ்கை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்தும் கட்டைதான் பேடு. தேய்ந்து பொடி உதிராமல் அதனால் நிறுத்த முடியாது.

பதினோரு ஆண்டுகளாகத் தம்பியிடம் வேலை பார்த்த மெக்கானிக் ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பொடி வராத பேடு இன்னும் பொறக்கல சார். செராமிக்ல கம்மியா வரும். வெளுப்பா கீறதால கண்ணுல படாது, அவ்ளோதான்." வாடிக்கையாளரிடம் திருத்தமாகப் பேசும்படி நான் அவரைக் கண்டித்தேன். ராகவன் சிரித்துவிட்டார்: "அவரு பேசறதுதான் டீச்சர் எனக்குப் புரியுது."

மாடு காத்திருக்காது

தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று சாதாரணச் சாலைக்கான செராமிக், மற்றொன்று பந்தயத்துக்கானது. ராகவனின் கை பந்தயப் பெட்டியின் பக்கமே போயிற்று. விலை கூடியதுதான் தரம் கூடியது என்று நானும் தலையசைத்தேன். ஏழுமலை அந்தப் பெட்டியை மெல்ல எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.

"ரேஸ் பேடு சூடேறினாத்தான் புடிக்கும் சார். ரோட்டுல மாடு குறுக்க வந்தா, 'இரு, சூடு பண்ணிகினு வரேன்'னு அதுகிட்ட சொல்லுவீங்களா?"

பொட்டு

புதுப் பொருள் எதுவும் சாமி படத்தின் முன் பொட்டிட்ட பிறகே வண்டியில் ஏறும் என்பது பட்டறை வழக்கம். ஏழுமலை அட்டைப் பெட்டியின் மேல் பொட்டு வைத்து முடித்துவிடுவார். பெட்டிக்கு இட்டது பொருளுக்கு இட்டதாகுமா? அவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வலச் சக்கரத்துக்கென எடுத்து வைத்திருந்த இரண்டு பேடுகளையும் நானே படத்தின் முன் வைத்தேன். உலர்ந்த குங்குமம் ஒட்டவில்லை. விளக்கிலிருந்த நல்லெண்ணெயில் குழைத்து, டிஸ்கில் படும் அகன்ற பக்கத்தின் நடுவே அழகாக இட்டேன். கற்பூரம் காட்டியபின், வெள்ளிச் சக்கரத்தில் சிவப்பு உதிரக் கூடாதே என்று முந்தானையால் அழுந்தத் துடைத்தும் வைத்தேன்.

ஏழுமலை புதுக் கையுறை அணிந்து மாட்டினார். புதுப் பேடு டிஸ்கோடு பழக வேண்டுமென்று, மெல்ல மெல்லப் பிரேக் பிடித்துச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். வலப்பக்கம் மந்தமாக இருக்கிறது, இன்னொரு முறை கழற்றிப் பார்க்கிறேன் என்றார். வேலைச் சீட்டில் நான்கு மணி என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். கடிகாரமும் நான்கைக் காட்டியது. வண்டியை ராகவனிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்து மணி இல்ல டீச்சர் இது. பிரேக்கு."

மணல் மேடு

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. கடற்கரைச் சாலையில் உண்மையாகவே ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. ராகவன் பிரேக்கை மிதிக்க, வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓரத்து மணல் மேட்டில் ஏறி நின்றிருக்கிறது. அவருக்கும் காயமில்லை, மாட்டுக்கும் இல்லை. வெள்ளிச் சக்கரத்தில் மட்டும் நீளமான கீறல். அதைத் தடவியபடியே கேட்டார்: "பொடி வேணாம்னுதானே கேட்டேன்? பிரேக்கே வேணாம்னா கேட்டேன்?"

சிவப்பு மை

ஏழுமலை வலச் சக்கரத்தைக் கழற்றினார். இரண்டு பேடுகளின் முகத்திலும் எண்ணெய் ஊறிய பளபளப்பு; எண்ணெய் பட்ட பேடு டிஸ்கைப் பிடிக்காமல் வழுக்கும். எனக்கு ஒரு கணமும் ஐயம் எழவில்லை. "கிரீஸ் கையோடு தொட்டிருக்கிறாய்" என்றேன், ராகவனும் தம்பியும் கேட்க. அவர் ஒரு பேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து, வேலைச் சீட்டில் "மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அவர் அந்தப் பேடைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திமிர் என்று எண்ணினேன். கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, தம்பி கூப்பிடக் கூப்பிட நில்லாமல் போனார். வாசலில் சொன்னது இவ்வளவுதான்: "எழுதிட்டீங்க இல்ல டீச்சர், இருக்கட்டும்."

பேப்பர் வெயிட்

மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்க அந்தப் பேடையே கவிழ்த்து வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அது கை தவறித் தரையில் விழுந்து மல்லாந்தது. நடுவே ஓடும் மெல்லிய பள்ளத்தில், முந்தானை எட்டாத ஆழத்தில், குங்குமம் இருந்தது. முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

மறுநாள் ஏழுமலை இப்போது வேலை பார்க்கும் சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குப் பேருந்து ஏறினேன். அவரது கவனக்குறைவு என்று ராகவன் தம் நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டதால், ஏழுமலையை நம்பிக் காரை விட ஆளில்லை. பதினோரு ஆண்டுகள் கார் பிரேக் பார்த்த கை, தகரக் கொட்டகையில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு மையில் எழுதியதை அடித்து, என் பெயரை எழுதிய அதே சீட்டை நீட்டினேன். "தவறு என்னுடையது" என்றேன். மாணவியரிடம்கூட நான் சொல்லியிராத வாக்கியம் அது. ராகவனிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், திரும்பி வா என்றேன். அவர் சீட்டைப் படித்து, மடித்து, என்னிடமே கொடுத்தார்.

"அன்னிக்கே பாத்தேன் டீச்சர். கஸ்டமர் முன்னால உங்கள இன்னான்னு சொல்றது? நீங்களே பாத்துக்குவீங்கன்னு குங்குமம் மேல தெரியறாப்லதான் வெச்சிட்டு வந்தேன். நீங்க கவுத்துட்டீங்க போல."

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் பிழையைச் சுழித்துக் காட்டிய எனக்கு, என் பிழை கண்முன் கிடந்த மூன்று மாதமும் காகிதம் பறக்காமலிருக்க நன்றாகவே உதவியது.