உதவிக்காரர் இருக்காரா?

சபையாரே, போன ஆவணியில் என் மனைவி எஸ்தருக்கு வாந்திபேதி கண்ட அன்று, பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அவள் வாயில் தண்ணீர் விடக்கூட எனக்குத் தெம்பு இல்லை. எனக்கும் அதே நோய். அவள் பாயில் கிடந்தாள், நான் தறியோரம் கிடந்தேன். "இன்னாங்க, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கண்ணெதிரே செத்துப்போவாள் என்று நினைத்தேன். எனக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் தை மாதம் நீங்கள்தான் கை தூக்கி, என்னை ஒரு வருஷத்துக்கு உதவிக்காரனாகத் தெரிந்துகொண்டீர்கள். ஜெபவீட்டில் பாய் விரிக்க வேண்டும், திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் ஆயத்தம் செய்ய வேண்டும், சபை விதவைகளுக்கு அரிசி பங்கிட வேண்டும். இவ்வளவுதானே என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் என்னை "உதவிக்காரரே" என்று கூப்பிடுவது எங்கள் நெசவுத் தெரு முழுக்கக் கேட்கும். அது சபைப் பொறுப்பின் பெயர் என்று தெருவுக்குத் தெரியாது. யார் கூப்பிட்டாலும் உதவிக்கு வருகிற ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆடி கடைசியில் நோய் ஆரணிக்குள் வந்தது. உபதேசியார் சேத்துப்பட்டுக்குப் போன இடத்தில் படுத்துவிட்டார். சபைக் குடும்பங்களில் பாதிப் பேர் படவேட்டுப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் போக உறவு இல்லை.

அப்போது ஒரு காலையில் எதிர்வீட்டுக் கன்னியம்மாள் என் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"உதவிக்காரரு இருக்காரா? எங்க வூட்டுக்காரரு வாந்தி எடுத்துகினே கீறாரு. ஜல்தி வாங்க."

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு நான் ஞானஸ்நானம் பெற்றேன். அன்றிலிருந்து அந்தத் தெரு என் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவன் என்று பேசினார்கள். பட்டுப் பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்; அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட ஒரு வீட்டு ஆட்களால் ஆகுமா? தெருவே கூடித்தான் செய்யும். என் பாவுக்கு மட்டும் ஒரு கை வராது. நம் சபையில் ஏர் பிடிக்கிற சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்குப் பின்னால் விரிப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரரே, நீங்கள் போட்ட சிக்கலை எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

'அது சபை வேலைக்கு வைத்த பேரம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கீறேன், வரேன்" என்று வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். சொன்ன வார்த்தையை விழுங்குகிற ஆள் நான் இல்லை.

அவள் புருஷனுக்கு உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு கொடுத்தேன், துடைத்துவிட்டேன், அருகில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். அவர் பிழைக்கவில்லை. சாட்சி என்று நிற்பவன் இதை மறைக்கக் கூடாது. பாடை தூக்க ஆள் வரவில்லை. நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் கஞ்சிப் பானையோடு புறப்பட்டு, வீடு வீடாகக் குரல் கொடுப்பேன். எஸ்தர் வடித்துக் கொடுப்பாள். கஞ்சிக்குச் சேர்ந்தவன் என்றவர்களே கஞ்சிக்குப் பாத்திரம் நீட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததும் உண்மை, கண் கலங்கினதும் உண்மை. தறி நின்றுவிட்டது. நிற்கட்டும் என்று விட்டேன்.

பிறகுதான் நாங்கள் இருவரும் விழுந்தோம். எனக்கு நீள ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, நான் போகாத வீடு இல்லை. இந்த வீட்டுக்கு ஒரு உதவிக்காரனை அனுப்பும். இவளைக் காப்பாற்றும்." இவ்வளவுதான் கேட்டேன். யாராவது வருவார்கள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கன்னியம்மாள். புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியாத பெண். துக்கம் கழியாமல் அவள் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு.

"காலையில உங்க குரலே கேக்கலியேண்ணா. அப்பவே எனக்குத் திக்குனு ஆயிட்ச்சு" என்றாள்.

"உள்ள வராதம்மா. தெரு பேசும்."

"பேசிகினு போவட்டும். ஆம்பளைங்கதான் உதவிக்கு வரணுமா? இந்த வூட்டுக்கு இன்னிக்கி நான்தான் உதவிக்காரி."

நான் ஜெபத்தில் சொன்ன சொல்லை அவளுக்கு யார் சொன்னது? படி ஏறி வந்தாள், எஸ்தரின் தலையை மடியில் எடுத்து வைத்தாள், எங்கள் வீட்டுச் சொம்பிலேயே தண்ணீர் புகட்டினாள். எஸ்தர் கண் திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் உதவிக்காரனைக் கேட்டேன், கர்த்தர் உதவிக்காரியை அனுப்பினார். எஸ்தர் இதோ பெண்கள் பக்கம் உட்கார்ந்து, நான் அதிகம் பேசுகிறேன் என்று முறைக்கிறாள். அந்த முறைப்புக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

இந்தப் பொங்கல் கழிந்து என் பாவை எடுத்துக்கொண்டு ஜெபவீட்டுப் பின்புறம் போனபோது, தெருவார் வழியில் நின்றார்கள். "ஆசீர்வாதம், அங்க எதுக்குய்யா? தெருவுலயே கட்டு" என்றார்கள். இரண்டு பக்கமும் கைகள். ஒரு சிக்கல் விழவில்லை. அழுதுகொண்டே கஞ்சி போட்டேன். நான் கேட்டது எஸ்தரின் உயிரை. கேட்காததையும் அவர் கொடுத்தார்.

அதனால் சொல்கிறேன், உங்கள் வாசலில் யாராவது தவறாக விளங்கிக்கொண்டு வந்து கூப்பிட்டால் திருத்தாதீர்கள். எழுந்து போங்கள். உங்கள் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார், நம்புங்கள்.

வருஷம் முடிந்தது. இன்று சபை மறுபடி உதவிக்காரனைத் தெரிந்துகொள்ளப் போகிறது. காலையில் புறப்படும்போது இதைக் கன்னியம்மாளிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "இந்த வருசமும் நீங்கதானே அண்ணா?"

"சபை இன்னும் சொல்லலம்மா" என்றேன்.

"சபை இன்னா சொல்றது? தெரு சொல்லிட்ச்சே" என்றாள்.

எனக்குச் சம்மதம் என்று நான் கை தூக்கியாயிற்று. இனி நீங்கள் சொல்லுங்கள்.