இறங்குதுறையடியில் ஒரு பரீட்சை

எண்பதுகளின் தொடக்கம். பங்குனி மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில். சம்பவம் நடந்தது ஊர்காவற்றுறை இறங்குதுறையடியில்.

நான் அப்போது கொழும்பில் பல்கலைக்கழக மாணவன். விடுமுறைக்குத் தீவில் எங்கள் ஊரான கரம்பொன்னுக்கு வந்திருந்தேன். விடுமுறை என்பது பேச்சுக்குத்தான். கணினிப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தேன். இரண்டாம் முறையும் தவறினால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அம்மா வைரவருக்கு வடைமாலை நேர்ந்துவிடுவா என்ற பயம் ஒரு பக்கம், அழுவா என்ற பயம் மறுபக்கம்.

என் மண்டையில் ஏற மறுத்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, பொயின்ரர். கணினியின் நினைவகத்தை வரிசையாக இலக்கமிட்ட பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொயின்ரர் என்பதும் ஒரு பெட்டிதான். ஆனால் அதற்குள் சாமான் இராது, சாமான் இருக்கும் வேறொரு பெட்டியின் இலக்கம்தான் இருக்கும். மற்றது, ஓர் எண்ணை ஒன்றும் பூச்சியமுமாக உடைத்துவைத்து, அதில் ஒன்றை மட்டும் மாற்றுகிற வித்தை. கேட்கச் சின்ன விஷயம்தான். நானோ பெட்டியையும் பெட்டிக்குள் இருப்பதையும் போட்டுக் குழப்பி, குட்டையைக் கலக்கிவிடுவேன்.

அந்த நாளில் எங்கள் சின்னத் தீவில் கணினியைக் கண்ணால் கண்டவர்கள் என்று நான் அறிய இரண்டே பேர். நான், மற்றது என்னோடு படித்த, சுருவில் என்கிற ஊரில் இருந்த நண்பன். அவன் கெட்டிக்காரன். அதனால் நாள்தோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவனிடம் போவேன். கணினியே இல்லாமல் கணினிப் பாடம்! என் குறிப்புக் கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறுவான், பெட்டிகளுக்கு இலக்கம் போடுவான், இதிலிருந்து அதற்கென்று அம்புக்குறி இழுப்பான். நான் பிழைவிட்டால் கத்துவான்.

"இலக்கத்தைக் கேட்டனோ, சாமானைக் கேட்டனோ? முதல் அதைச் சொல்லடா, மாடு!"

அன்றைக்கும் அப்படி ஏச்சு வாங்கிக்கொண்டு, கொப்பியைச் சைக்கிளின் பின்னால் செருகிக்கொண்டு புறப்பட்டேன். அம்மா மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லியிருந்தபடியால் நேரே வீட்டுக்குப் போகாமல் ஊர்காவற்றுறைக் கடைத்தெருவுக்கு விட்டேன். அதுதான் வினை.

முதல் நாள் பெருநிலத்தில் எங்கேயோ துப்பாக்கிச் சூடு நடந்ததாகக் கதை. அதற்காகப் படையினர் கடைத்தெருவைச் சுற்றி வளைத்திருந்தார்கள். சீருடைக்காரர்கள் கண்ணில்பட்ட ஆண்களையெல்லாம் இறக்கி, இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய களஞ்சியத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னையும் தள்ளினார்கள். உள்ளே கருவாட்டு மணம். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சரவணை என்கிற ஊர்க்காரர். முப்பது வயது மட்டில் இருக்கும். புகையிலைத் தோட்டம் செய்கிறவர். தண்ணீர் இறைக்கும் மெசினில் ஏதோ உடைந்துவிட்டதாம், ஒட்டுவிக்க வந்தவர். மடியில் அந்த இரும்புத் துண்டைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

"போட்டிருந்த சேட்டைக் கழட்டி மாத்தினனான் தம்பி. அடையாள அட்டை மற்றச் சேட்டுக்கை கிடக்குது. இண்டைக்கு இறைக்காட்டில் புகையிலைக் கண்டெல்லாம் வாடிப்போம்" என்றார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடுங்காதையும். நடுங்கிறவனைத்தான் அவங்கள் முதல் எழுப்புவாங்கள்."

அவர் சொன்னபடியே என்னைத்தான் முதலில் எழுப்பினார்கள். ஆனால் நடுக்கத்துக்காக அல்ல, என் சைக்கிளில் இருந்து எடுத்த கொப்பிக்காக.

மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. கொப்பியை விரித்துவைத்திருந்தார். அதை அவருடைய கண்களால் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம், ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறிகள். அடுத்த பக்கம் முழுக்க ஒன்றும் பூச்சியமும், இடையிடையே நட்சத்திரக் குறிகள். ஐயோ, இதைப் பார்த்தால் நானே என்னைப் பிடித்திருப்பேன்!

"இவை யாருடைய வீடுகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீடுகள் இல்லை, நினைவகப் பெட்டிகள் என்றேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. "இந்த இலக்கங்கள் எந்தச் சங்கேதம்?" பாடம் என்றேன். மற்றக் கன்னத்தில் விழுந்தது. வெளியே துறையில் படகு ஒன்று நின்றது. கடலுக்கு அப்பால் இருந்த பெரிய முகாமுக்கு ஆட்களைக் கொண்டுபோகிற படகு. அங்கே போனவர்கள் லேசில் திரும்புவதில்லை என்பது ஊரறிந்த கதை. என்னை அதில் ஏற்றச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அதற்குள் அவருக்கு என்ன தோன்றியதோ, தங்களுடைய வானொலிப் பெட்டிகளைத் திருத்துகிறவரைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கொழும்பில் இருந்ததால் எனக்கு அரைகுறையாக விளங்கியது. கணினிப் பாடம்போல இருக்கிறது என்கிறார்.

"போல என்றால் எப்படி? சோதித்துப் பார். விடை சொன்னால் மாணவன். சொல்லாவிட்டால் படகு" என்றார் அதிகாரி.

கடவுளே, பல்கலைக்கழகத்தில் கோட்டை விட்ட அதே பாடம்!

திருத்துகிறவர் எனக்கு எதிரே ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டு அதில் இருந்தார். நண்பன் கீறிய படத்தில் ஒரு பெட்டியைப் பென்சிலால் தொட்டு, "இந்தப் பொயின்ரருக்குள் என்ன இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அம்புக்குறி போய் முடிந்த பெட்டிக்குள் இருந்த எண்ணைப் பார்த்து, "இருபத்தைந்து" என்றேன். வழக்கமான என் பிழை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பென்சிலை எடுக்கவுமில்லை. அந்தப் பெட்டியிலேயே மெதுவாக இரண்டு தரம் தட்டினார். "அம்பு போகிற இடத்தை நான் கேட்கவில்லை. இதற்குள். இதற்குள்ளே." அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "இலக்கம். அந்தப் பெட்டியின் இலக்கம்" என்று கத்தியேவிட்டேன். நண்பன் வாரக்கணக்காகக் கத்தியும் விளங்காத விஷயம், அந்த இரண்டு தட்டில் விளங்கியது.

அடுத்த கேள்வி. தாளில் 10111101 என்று எழுதினார். எட்டு விளக்குகள் என்று வைத்துக்கொள், ஒன்று என்றால் எரிகிறது, பூச்சியம் என்றால் அணைந்திருக்கிறது. வலப்பக்கமிருந்து நாலாவதை மட்டும் அணைக்க வேண்டும், மற்றவற்றைத் தொடக்கூடாது. எப்படி? இதற்குக் கீழே இன்னொரு வரிசை எழுத வேண்டும். இரண்டு வரிசையிலும் ஒன்று இருக்கிற இடத்தில் மட்டும் விடையில் ஒன்று வரும். இந்த விதி எனக்குத் தெரியும். 00001000 என்று எழுதி, விடையும் போட்டு நீட்டினேன். பென்சில் வியர்வையில் வழுக்கியது.

அவர் தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "ஹரி, சேர்" என்றார். சரி என்று அர்த்தம்.

அதிகாரி கொட்டாவி விட்டார். போகச் சொல்லிக் கையை விசிறினார். அவ்வளவுதான். ஓர் உயிரின் கணக்கு அந்தக் கை விசிறலில் முடிந்தது.

வாசல்வரை கொப்பியோடு வந்தவர் அந்தத் திருத்துகிற மனிதர்தான். அதை என் கையில் தரும்போது, உதடு அசையாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "இரண்டாவது பிழை. வீட்டுக்குப் போய்த் திரும்பச் செய்து பார்."

கொப்பியை வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குப் போன பிறகு செய்து பார்த்தேன். நாலாவது விளக்கை அணைப்பதற்குப் பதிலாக, அது ஒன்றை மட்டும் எரியவிட்டு மற்றெல்லாவற்றையும் அணைத்திருந்தேன். 11110111 என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! அவருக்கு அது பார்த்த உடனேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் தன் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே பொய் சொன்னார். பிடிபட்டிருந்தால் அவருடைய கதி என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

சைக்கிளை எடுக்கப் போகையில் களஞ்சியத்துக்குள்ளிருந்து சரவணைக்காரர் குரல் கொடுத்தார். "தம்பி, எங்கட வீட்டை ஒருக்காச் சொல்லிவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு வரட்டாம்." வீட்டுக்கு வழியும் சொன்னார். அதற்குள் யாரோ அதட்டி அவரை இருக்கவைத்தார்கள்.

மண்ணெண்ணெயாவது மண்ணாவது, சரவணைக்கு மிதித்தேன். அவருடைய மனைவி கிணற்றடியில் நின்றா. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே ஓடி, கொடியில் தொங்கிய சேட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் சைக்கிளின் பின்னால் ஏறினா. வழி முழுக்க ஒரே கேள்வி.

"தம்பி, அட்டையைக் காட்டினால் விட்டிடுவாங்கள்தானே?"

"ஓம் அக்கா, விட்டிடுவாங்கள்" என்று சொல்லிச் சொல்லியே மிதித்தேன். நானே விடுபட்டு வந்தவன், எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது களஞ்சியம் வெறுமை. படகும் இல்லை. காவலுக்கு நின்றவனிடம் அந்த அக்கா அட்டையை நீட்டினா. அவன் அதை வாங்கக் கையை நீட்டவேயில்லை. அவ நீட்டிய கையோடு அப்படியே நின்றா. அந்தத் திருத்துகிறவரைத் தேடினேன், அவரும் போய்விட்டார்.

நான் இரண்டாம் முறை பரீட்சையில் சித்தியடைந்தேன். சரவணைக்காரர் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. "இறைக்க ஏலாது தம்பி, தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்திட்டன்" என்றார். அக்கா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

"உம்மை என்னெண்டு விட்டவங்கள்?" என்று கேட்டார். நான் ஒன்றும் மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். பிழையான விடைக்குச் சரி போட்ட இடம் வந்ததும், "எட, பிழையான விடைக்கோ!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தேநீரை இடக்கையால் எடுத்துக் குடித்தார்.

"என்னட்டையும் கன கேள்வி கேட்டவங்கள் தம்பி. ஆர் சுட்டது, ஆர் சோறு குடுத்தது எண்டு. எனக்குத் தெரிஞ்சது ஒண்டையும் கேக்கேல்லை. புகையிலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பன்."

நான் பின்னர் ஆசிரியனாகி, எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். விடை தெரியாமல் ஒரு பிள்ளை விழிக்கும்போது, அதற்குத் தெரிந்ததில் ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறேன். அன்றைக்கு அந்தக் களஞ்சியத்தில் புகையிலை தெரிந்த ஒரு சீருடைக்காரனாவது நின்றிருக்கக்கூடாதா என்ற ஆற்றாமை மட்டும் இந்த வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.