சீனியை விட்ட மாதங்கள்

மகள் பிறந்து மூன்று மாதம் முடியும்போது நான் சீனியை விட்டேன். பிரசவ விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சேலைக்குப் போடும் சட்டைகளில் ஒன்றுகூடக் கைக்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் வாசலில் வந்து நின்றார்.

“இப்படியேவா புள்ளைங்க முன்னாடி போய் நிக்கப் போற?”

கோபமில்லாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து தேநீரில் சீனி இல்லை. பணிஸ் இல்லை, பிஸ்கட் இல்லை. குழந்தை பார்க்க, கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கேக்கை அப்படியே மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு அடங்கிவிட்டது.

எடை குறைந்தது, நானே நம்பாத வேகத்தில். ஆசிரியர் அறையில் மெலிய வழி கேட்டார்கள். “சீனியை விட்டேன், அவ்வளவுதான்” என்று பெருமையாகச் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கணவர் என்னைப் படம் எடுத்தார். கண்டியில் மழை பெய்து எல்லோரும் குளிரில் ஒடுங்கியிருக்க, எனக்கு மட்டும் வியர்த்தது. படியேறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கரும்பலகையில் எழுதும்போது விரல் நடுங்கியது. உடம்பு சீனி கேட்டு அடம்பிடிக்கிறது, கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு புசல்லாவையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். இறங்குவதற்காக பஸ்ஸில் எழுந்ததும் கண் இருண்டது. விழித்தபோது யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வேறொரு பெண்ணின் கையில் வீறிட்டாள். ஆசனத்தின் இரும்புக் காலில் பட்டு நெற்றி பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். மயங்கி விழுந்தது ஏன் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“பட்டினி கெடந்து புள்ளயக் கீழ போட்டுட்டா.” பக்கத்து வீட்டுக்காரியிடம் அத்தை, என் கணவரின் அம்மா, எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அது உண்மை என்றுதான் நானும் எண்ணினேன்.

அதற்குப் பின் சோறு வயிறாரச் சாப்பிட்டேன். சீனியை மட்டும் தொடவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் உடம்பு பழையபடி ஊதியது. பிறகு அதையும் தாண்டியது. முகம் வீங்கியது. எழுந்து நடக்கவே கால் வரவில்லை. மகள் அழுவது எங்கோ தூரத்தில் கேட்பது போலிருக்கும்.

“ஸ்கூல்ல ஒளிச்சு ஒளிச்சு என்னதான் திங்கிறியோ” என்றார் அத்தை.

“ஒன்னும் திங்கல அத்த.”

“அப்ப காத்தக் குடிச்சா இப்படி ஊதுது?”

ஒரு நாள் மாலை குளித்துவிட்டு வந்தபோது, கணவர் என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தாத பரீட்சைத் தாள்களும் மகளின் ஒற்றைக் காலுறையும் விழுந்து கிடந்தன. அவர் எதையும் எடுத்து வைக்கவில்லை. நான்தான் குனிந்து பொறுக்கினேன்.

மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது, அங்கிருந்த பெண் டொக்டர் குழந்தையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். கம்மிய என் குரலைக் கேட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முடி கொட்டுகிறதா, குளிர்கிறதா என்று சிங்களத்தில் விசாரித்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று கணவரும் கூட வந்தார். பிரசவத்துக்குப் பின் சில தாய்மாருக்குத் தைரொயிட் சுரப்பி முதலில் வெறிகொண்டு வேலை செய்யும், பிறகு சோர்ந்து போகும் என்று டொக்டர் விளக்கினார். அவ்வளவு வேகமாக மெலிந்ததும், பஸ்ஸில் மயங்கியதும், இப்போது ஊதியிருப்பதும் அதனால்தான். சீனிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

கணவர் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, “மாத்திரை போட்டா மெலிவாங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

டொக்டர் என் பக்கம் திரும்பி மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தது. நான் முன்னால் போய், மகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் மாத்திரை போட்டேன். கூடிய எடையில் பாதிதான் குறைந்தது. அத்தையோ கணவரோ அந்த மாதங்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று நான் சொன்னபோதும், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.