நடுவில் விழுந்த கைதட்டல்

பதினொரு வயதில் நான் சொன்ன ஒரு பொய்யை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது.

கனடாவில், ரொறொன்ரோ நகரின் நடுவே ஒரு பழைய தேவாலயம். எங்கள் சிறுவர் வாத்தியக் குழு இருநூற்றைம்பது வருடப் பழைய ஐரோப்பிய இசையொன்றை வாசித்தது. நடுவில் எனக்கென்று ஒரு தனி வயலின் வாசிப்பு. அதன் மூன்று பகுதியும் முடியும்வரை சபை கைதட்டுவதென்ன, மூச்சும் விடக் கூடாது என்பது அந்த இசைக்குரிய மரியாதை. அதை அப்பாவிடம் சொல்ல மறந்துபோனேன். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். எங்கள் தமிழ்ச்சனம் நிறைந்த ஸ்காபரோவில் அவர் போகிற கச்சேரிகளில் தனி வாசிப்புக்குக் கைதட்டாதவர்தான் மரியாதை தெரியாதவர்.

நான் வாசிக்கும்போதே யாரோ தொடையில் தாளம் போடும் சத்தம் கேட்டது. என் வாசிப்பு முடிந்ததுதான் தாமதம், பின்வரிசையிலிருந்து படபடவென்று கைதட்டல். "ஆகா! அப்பிடிப் போடு பிள்ளை!" குழுவை நடத்திய ஆசிரியை உட்பட முழுத் தேவாலயமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அது உன் அப்பாவா என்று இடைவேளையில் பக்கத்துச் சிறுமி கேட்டாள். யாரென்றே தெரியாது என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், ஐயோ, அப்பா நிற்கிறார்! கையில் எங்கள் குழுவுக்கென்று அம்மா பொரித்துக் கொடுத்த மட்டன் ரோல்ஸ் தட்டு. அவர் ஏசவில்லை. சாப்பாடு இறக்க வந்த கடைக்காரர் மாதிரித் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

காரில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்ப பிள்ளை கைதட்ட வேணும்?"

"எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் அப்பா."

"ஓம், சரி."

பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இசை புதிதாக இருந்த காலத்தில் சனங்கள் நடுவிலேயே கைதட்டுவார்களாம், பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுவார்களாம். அப்படி நடுவில் கைதட்டல் விழுந்ததென்று ஓர் இசையமைப்பாளர் பூரித்துப்போய்த் தன் அப்பாவுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் வழக்கம் பிறகு வந்ததாம். சீ, எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

ஆனால் அது தெரியவர எத்தனையோ வருடம் பிந்திவிட்டது. நான் பொய் சொன்னதற்கு அடுத்த கச்சேரிக்கே அப்பா கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசைக்காரரின் கைகளையே பார்த்திருந்து, அவர்கள் தட்டிய பிறகுதான் தட்டினார். அப்பாடா, அப்பா பழகிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று அவர் என் வாசிப்பைக் கேட்கவேயில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.