அணைந்து அணைந்து போன கம்ப்யூட்டரும் என் கணவரின் குரலும்

என் கணவர் அருள்தாஸுக்காக முப்பதாம் நாள் பூசை வைத்துவிட்டு வீடு திரும்பிய அன்று மாலைதான் எங்கள் கம்ப்யூட்டர் முதல் தடவை தானாக அணைந்தது. அதில் என் மகள் அவளுடைய அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் திரை கறுத்துவிட்டது. "அம்மா, அப்பா நின்னுட்டாரும்மா" என்று அலறினாள். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஜெசிந்தா. மன்னார்புரத்தில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் எங்கள் பங்குக் கோவிலில் பாடிவந்தவர். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின பத்து நாளும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கரகரத்த குரலில் எங்கள் மகள் மரியாவுக்காகப் பேசிப் பதிவு செய்தார். அவள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஒன்று, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒன்று, காய்ச்சலில் படுத்தால் கேட்க ஒன்று என்று மொத்தம் பதினான்கு பதிவுகள்.

அவர் குணமாக வேண்டும் என்று நான் கேட்காத நாள் இல்லை. ஒன்பது நாள் ஜெபம் செய்தேன். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். ஆபரேஷனில் குரல் போனது. எட்டு மாதத்தில் நோய் நுரையீரலுக்குப் போய், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவரும் போய்விட்டார். அதன் பிறகு நான் ஜெபிக்கவில்லை. பூசைக்குப் போவேன், உட்கார்ந்திருப்பேன், வருவேன். ஆண்டவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

முதல் தடவை அணைந்தபோது கரண்டுப் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதேதான். சில நாள் நீலத் திரை வரும், சில நாள் தானாகவே திரும்ப ஆரம்பிக்கும். அந்தப் பதிவுகளை வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றி, பென்டிரைவைச் சொருகிய அன்று பாதியிலேயே அணைந்துவிட்டது.

பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். "விண்டோஸ் போயிருச்சு மேடம், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார் கடைக்காரர்.

"பண்ணினா உள்ள இருக்கிறது?"

"டெஸ்க்டாப்ல வெச்சிருந்தா போயிடுங்க."

என் கணவர் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தார். அப்படியே திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். இன்னொருவர் வீட்டுக்கே வந்து மெமரியை மாற்றிப் பார்த்தார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி நின்றது. அதற்குப் பிறகு ஆன் செய்தால் 'கர் கர்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மரியா கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் கோவிலிலேயே இருந்தேன். மண்டியிடவில்லை. உட்கார்ந்தபடியே சண்டை போட்டேன். "அவரைக் கேட்டேன், நீர் கொடுக்கவில்லை. அவர் குரலையாவது என் பிள்ளைக்கு விட்டுவையும். இதையும் எடுத்துக்கொண்டால் இனி உம்மிடம் எதுவுமே கேட்க மாட்டேன்" என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சுபா டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க சித்தப்பா இதுலயே வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சனிக்கிழமை எடுத்துண்டு வாங்கோ. அதுவரைக்கும் அதை ஆன் பண்ணாதீங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆட்டோவில் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினேன். சுபாவின் சித்தப்பா உத்திர வீதியில் இருந்தார். நெற்றியில் திருமண், கையில் ஸ்க்ரூடிரைவர்.

"எப்போ நின்னு போறது? போட்ட உடனேயா, சித்த நாழி கழிச்சா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"ரிப்பேர் அப்புறம் பார்க்கலாம். மொதல்ல உள்ள இருக்கறதைக் காப்பாத்தணும்" என்று ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தம்முடைய கம்ப்யூட்டரில் மாட்டினார். பிறகு என் கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு சின்ன உருளைகள் தலை உப்பிப் போயிருந்தன. "இதுதான்மா ஆதி காரணம். கரண்டு சீரா வரலை. ஒவ்வொரு தடவை அணையறச்சேயும் டிஸ்க் அடி வாங்கியிருக்கு."

திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தவள் நான்தான்.

பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழாவது நகரவே இல்லை. நான் கைப்பைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "வெளியிலேயே எடுத்துச் சொல்லுங்கோ. நானும் பெருமாளைத்தான் வேண்டிண்டிருக்கேன்" என்றார்.

மதியத்துக்குள் பன்னிரண்டு வந்தன. இரண்டு வரவே இல்லை. அதில் ஒன்று மரியாவின் கல்யாண நாளுக்காக என் கணவர் பேசியது. எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்கோ" என்று அந்தப் பெரியவர் என்னைக் கும்பிட்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைப் போட்டார். பரீட்சைக்காகப் பேசிய பதிவு. பேசி முடித்தவர் நிறுத்த மறந்திருக்கிறார். நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவர் குரல்: "ஜெசி, கொஞ்சம் வெந்நி கொண்டாயேன்... இல்ல, நீ படு, காலைல ஸ்கூல் இருக்கு. நானே எடுத்துக்கறேன்."

எனக்கென்று அவர் எதுவும் பதிவு செய்யவில்லை. அந்த ஒரு வரிதான். பெரியவர் மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

மே மாதம் மரியா புதுநன்மை வாங்கினாள். காலையில் வெள்ளை கவுனோடு உட்கார்ந்து அப்பாவின் ஆசீரைக் கேட்டாள். பதிவு முடியும் வரை சிலுவை போட்ட கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை.

சகோதர சகோதரிகளே, நான் கேட்ட பெரியது எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று இன்னும் தெரியாது. அவர் இல்லாத வீட்டுக்குத்தான் தினமும் திரும்புகிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஆண்டவர் என் சண்டையைக் கேட்டார் என்று அறிந்திருக்கிறேன். இப்போது தினமும் அவரோடு பேசுகிறேன். சில நாள் கோபமாகவே பேசுகிறேன். உங்களில் யாராவது என்னைப் போலப் பேச்சை நிறுத்தியிருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருகிற வார்த்தையோடு அவரிடம் போங்கள். அவர் எழுந்து போய்விட மாட்டார்.